ஒப்புதல் பெற்ற படத்தில் உள்ளபடி

பூமி தப்பாக இருக்கலாம், கையெழுத்துப் போட்ட படம் தப்பாக இருக்க முடியாது என்பது கொங்கு வட்டாரக் குறுந்தொழில் மனைக் கழகத்தின் கொள்கை. இதை எங்கேயும் எழுதி மாட்டவில்லை. எழுதி மாட்ட வேண்டுமானால் அதற்கு ஒரு குழு போட வேண்டும், குழுவுக்கு டீ வடை வாங்க வேண்டும். எழுதாமலே கடைப்பிடித்து வந்தார்கள்.

கழகத்தின் அலுவலகம் காந்திபுரத்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. வறண்டு கிடக்கும் மேட்டு நிலத்தைச் சமன் செய்து, மனை பிரித்து, சின்னச் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வேலை. பதினோரு வருடத்தில் மொத்தம் பத்து மனை பிரித்திருந்தார்கள். பெருந்துறையிலிருந்து கொடுமுடி போகிற வழியில் செம்பாறைமேடு என்ற இடத்தில் அந்தப் பத்தும் ஒரே வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றும் அறுபது அடி அகலம், தொண்ணூறு அடி நீளம். முன்னால் வளைந்து போகும் ஒரு பாதை, மேற்குக் கோடியில் வட்டமாக ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு இடம். இவ்வளவுதான் தொழிற்பேட்டை.

1996-இல் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது என்று ஏ.சி. போட்டார்கள். கம்ப்யூட்டரைத் தனியாக விடக்கூடாது என்று நிர்வாக இயக்குநர் பாலகோபால் தன் மேஜையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். நிர்வாக இயக்குநரை அங்கே எல்லோரும் எம்.டி. என்பார்கள். எம்.டி.யைத் தனியாக விடக்கூடாது என்று மற்றவர்களும் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் அங்கேயே கோப்புகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்தவர் வரலட்சுமி ஒருவர்தான். அவருக்கு உட்கார நாற்காலி கிடைப்பதே சில நாள் கஷ்டமாக இருந்தது.

பத்தாம் மனை பஷீருக்கு ஒதுக்கப்பட்டது. பஷீர் கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரர். அவரும் மனைவி இஸ்மத்தும் தார்ப்பாய் தைக்கிறவர்கள். லாரிக்குப் போடுகிற பாய் முதல், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர்கள் மூட்டை அடுக்கின் மேல் போர்த்துகிற பெரிய பாய் வரைக்கும் தைப்பார்கள். பெரிய பாய் ஐம்பத்து நான்கு அடிக்கு நாற்பது அடி. அவர்கள் வீட்டுச் சந்து ஒன்பது அடி. ஒரு முனையைச் சுருட்டி வீட்டுக்குள் வைத்து, மறு முனையைச் சந்தில் விரித்து, பகுதி பகுதியாகத் தைக்க வேண்டும். ஸ்கூட்டர் வந்தால் பாயைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், எருமை வந்தால் ஊசியோடு எழுந்து நிற்க வேண்டும். முழுப் பாயையும் ஒரே நேரத்தில் பார்க்க வழியே இல்லாததால் ஒருமுறை ஒரு பக்கம் ஒன்றரை முழம் கூடுதலாகிப் போய், மண்டிக்காரர் பாயைத் திருப்பி அனுப்பிவிட்டார். அன்று இஸ்மத் சோறு சாப்பிடவில்லை.

ஒதுக்கீட்டுக் கடிதம் கிடைத்த வாரமே இருவரும் ஒரு பாயைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். நில அளவர் பாலுசாமி நான்கு மூலைக் கல்லையும் காட்டிவிட்டுப் போனார். அவர் போனதும் பஷீர் பாயை விரித்தார். அது முழுசாக விரிந்து, அதைச் சுற்றி நடக்கவும் இடம் இருந்தது. இஸ்மத் செருப்பைக் கழற்றிவிட்டு நான்கு பக்கமும் மெதுவாக நடந்து வந்தார்.

"இத்தன வருசமா தெச்சோம். இப்பத்தானுங்க முழுசாப் பாக்கறேன்" என்றார்.

பஷீர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். அடுத்த மாதமே கோட்டைமேட்டு வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டார். கழகத்தோடு பழகியவர் யாராவது அவருக்குத் தெரிந்திருந்தால் இந்த அவசரம் வந்திருக்காது.

இங்கே கழகத்தில் வருடாந்திரக் கூட்டம் வந்தது. இந்த முறை எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் வழியாகத் திரையில் காட்டுவது என்று முடிவு. முதல் ஸ்லைடில் செம்பாறைமேட்டு வரைபடம். அதன் பக்கத்தில் எம்.டி. வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிற படம். பாலகோபால் கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் தீங்கு நினைக்க மாட்டார். தன் படம் இல்லாத ஒரு பக்கத்தைப் பார்த்தால் மட்டும் அவருக்கு ஏதோ வேலை முடியாத மாதிரி இருக்கும்.

வரைபடமோ பத்து மனையும் ஒரே வரிசையாக, திரை முழுக்க நீண்டு கிடந்தது. எம்.டி.க்கு இடம் இல்லை.

"வரைபடத்தைச் சின்னதாக்குங்க அம்மணி. ஆனா தரம் குறையக்கூடாதுங்க" என்றார் எம்.டி. தரம் குறையக்கூடாது என்பதை அவர் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் நோட்டீஸில் படித்திருந்தார்.

வரலட்சுமி விளக்கினார். படத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால் நீளமும் அகலமும் ஒரே அளவில் குறையும், உருவம் கெடாது. பக்கத்தின் நடுவைப் பிடித்து இழுத்தால் படம் நசுங்கிப் போகும். சொல்லிவிட்டு மூலையைப் பிடித்துக் குறைத்துக் காட்டினார். வரைபடம் ஒரு ரிப்பன் மாதிரி ஆகி, மனை எண்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயின.

"நெம்பரே தெரியலைன்னா தரம் போச்சுங்களே. மூலைய உட்டுப்போட்டுப் பக்கத்தைப் புடிச்சு இழுங்க" என்றார் எம்.டி.

வரலட்சுமி பக்கத்தைப் பிடித்து இழுத்தார். உயரம் குறையவில்லை, எண்கள் தெரிந்தன, எம்.டி.க்கும் இடம் வந்தது. அறையில் இருந்த ஆறு பேருக்கும் பரம திருப்தி. வட்டமாக இருந்த தண்ணீர்த் தொட்டி முட்டை மாதிரி ஆகிவிட்டதே என்று வரலட்சுமி கேட்டார். முட்டையாக இருந்தாலும் தண்ணீர் நிற்கும்தானே என்று எம்.டி. திருப்பிக் கேட்டார்.

கூட்டத்தில் விளக்கை அணைத்து, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் படத்தைக் காட்டினார்கள். உறுப்பினர்கள் ஒன்பது பேர். இருட்டு கிடைத்ததும் இரண்டு பேர் கண்ணயர்ந்துவிட்டார்கள். விளக்கைப் போட்டு எழுப்பி, ஸ்லைடை அச்செடுத்த தாளில் ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். படத்தில் உள்ளபடி ஏற்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அதற்கப்புறம் சாப்பாடு.

மூன்று வாரம் கழித்து, கொட்டகை போட அனுமதி கேட்டு பஷீர் மாடி ஏறினார். பாலுசாமி பீரோவைத் திறந்து, கையெழுத்துள்ள தாளை எடுத்து மேஜையில் விரித்து, மர ஸ்கேலை வைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கு இருபது அடி என்று வரைபடத்தின் அடியிலேயே போட்டிருந்தது.

"நீளம் நாலரை. தொண்ணூறு அடி, சரியா இருக்குதுங்க பாய். அகலம் ஒண்ணு புள்ளி எட்டு. முப்பத்தாறு அடிங்க."

பஷீர் தான் கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டார். சரிதான். கடிதத்தில் அறுபது அடி என்று இருப்பதைக் காட்டினார். அது கூட்டத்துக்கு முந்தைய தேதிக் கடிதம் என்று பாலுசாமி விளக்கினார். மூலைக் கல்லைத் தன் கண்ணால் பார்த்ததைப் பஷீர் சொன்னார்.

"கல்லுல யாரும் கையெழுத்துப் போடலைங்களே" என்றார் பாலுசாமி. பாவம், அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கற்களைப் பிடுங்கி, மேற்கே தள்ளி, ஒவ்வொரு மனைக்கும் முப்பத்தாறு அடி என்று நட்டார்கள். ஒன்பதாம் மனை நஞ்சம்மாளுடையது. சேமியா போடுகிற அம்மாள். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கல் நடுவதைப் பார்த்திருந்துவிட்டு, மீதி நிலம் எங்கே போயிற்று என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறுநூறு அடி வரிசை முந்நூற்று அறுபது அடியாகி, கிழக்கே இருநூற்று நாற்பது அடி சும்மா கிடந்தது. பஷீரின் பழைய பத்தாம் மனை அதற்குள்தான் அக்கட்ட, கிழக்குக் கோடி மூலையில் இருந்தது.

பாலுசாமி ஸ்கேலை எடுத்து அதையும் அளந்தார். வரைபடத்துக்குப் பக்கத்தில் எம்.டி.யின் படம் சரியாகப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தது. கணக்கு உதைக்கவே இல்லை.

"அது எம்.டி.ங்க. இருநூத்து நாப்பது அடி" என்றார்.

ஆகவே அந்த இருநூற்று நாற்பது அடியில் எம்.டி. வேப்பங்கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஆயிற்று. அதற்குப் பூங்கா என்று பெயர் வைத்து, முள்கம்பி கட்டி, ஒரு கன்றை நட்டார்கள். எம்.டி. படத்தில் போட்டிருந்த அதே கோடு போட்ட சட்டையைத் தேடிப் பிடித்துப் போட்டுக்கொண்டு வந்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். நிலமும் படமும் ஒன்றுபோல ஆகிவிட்டதாக அலுவலகத்தில் எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

பஷீர் மனு கொடுத்தார். கழகத்தில் மனுவுக்கு உடனே நடவடிக்கை உண்டு, அதாவது உடனே குழு போட்டுவிடுவார்கள். குழுவின் பெயர் தரக் காப்புக் குழு. படத்தைத் தரம் குறையாமல் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று அதன் தலைவரான பொறியாளர் சொன்னார். படத்தை முதலில் ஸ்கேன் செய்தபோது ஒரு பிளாப்பியில் அடங்க வேண்டும் என்பதற்காக மிகச் சின்னதாகத்தான் எடுத்தது, பெரிதாக்கினால் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்று வரலட்சுமி சொன்னார். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

பெரிதாக்கினார்கள். வளைந்து போன பாதையின் ஓரம் படிக்கட்டு மாதிரி தெரிந்தது. குழு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தது. அதற்குள் பாதை எப்படி மாறியிருக்கும்? படிக்கட்டுதான்.

"வளைவுன்னு நாம நெனச்சிட்டிருந்தது கிட்டப் போயிப் பாத்தா வளைவே இல்லீங்க. எல்லாம் சதுரமுங்க. இத்தன நாளா நாமதான் பொறுப்பில்லாம வளைஞ்சு வளைஞ்சு போயிட்டிருந்தோம்" என்று பொறியாளர் குழுவில் பேசினார். அந்தப் பேச்சு சுற்றறிக்கையாகவும் வந்தது.

பாதையைப் படத்தில் உள்ளபடி திருத்தினார்கள். இரண்டரை அடி நேரே, இரண்டரை அடி பக்கவாட்டில், மறுபடி நேரே என்று முப்பத்திரண்டு மூலைகளோடு ஜல்லி போட்டு உருட்டினார்கள். அதில் முதலில் வந்த லாரி டிரைவர் வண்டியை நிறுத்தி இறங்கி, பாதையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஏறிப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர்த் தொட்டியைக் கட்ட எடுத்தவர் பங்காரு என்ற ஒப்பந்தக்காரர். அனுபவஸ்தர், வாக்குவாதம் செய்யாதவர். முட்டை வடிவத்தில் நெட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். கழகத்தின் வரலாற்றில் படத்தில் உள்ளபடியே கட்டி முடித்த முதல் கட்டடம் அது. அதைப் பார்க்க வேறு வட்டாரத்துக் கழகங்களிலிருந்து வேனில் ஆட்கள் வந்தார்கள்.

இதற்குள் கோட்டைமேட்டு வீட்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டது. பஷீரும் இஸ்மத்தும் செம்பாறைமேட்டில் முப்பத்தாறு அடிக்குள் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு குடிவந்துவிட்டார்கள். ஈரோட்டிலிருந்து இரண்டு பெரிய பாய் கேட்டிருந்தார்கள். விரிக்க இடம் இல்லை. முன்பாவது ஒரு முனை வீட்டுக்குள்ளும் ஒரு முனை சந்திலும் இருக்கும். இங்கே ஒரு முனை கொட்டகையில், ஒரு முனை நஞ்சம்மாளின் சேமியாவின் மேல். முள்கம்பிக்கு அக்கட்டப் பூங்கா காலியாகக் கிடந்தது. ஒரு காலத்தில் தான் நின்ற இடத்தைத் தினமும் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு தைப்பது பஷீருக்கு வேதனையாக இருந்தது. இருந்த சந்து வீட்டையும் அவசரப்பட்டு விட்டுவிட்டோமே என்று இரண்டு முறை இஸ்மத்திடம் சொன்னார். இரண்டு முறையும் இஸ்மத் ஊசியில் நூலைக் கோத்தார்.

அவர் மறுபடி காந்திபுரம் போனார். எம்.டி. ஊரில் இல்லாத நாள். வரலட்சுமி அவரைத் திரைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி காட்டினார். இதோ வரைபடம், இதோ அதன் பக்கம். பிடித்து இழுத்தார். நசுங்கிய மனைகள் அகன்று, தொட்டி வட்டமாகி, பத்தாம் எண் தன் பழைய இடத்துக்குப் போயிற்று. பஷீர் இப்படி ஒரு அதிசயத்தைப் பார்த்ததில்லை. ஆனால் வரைபடம் விரிந்தபோது எம்.டி. அதன் அடியில் போய்விட்டார். குடம் மட்டும் வெளியே தெரிந்தது.

"இவரை மூலையப் புடிச்சு ஒரு தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தா உங்க இடம் வந்துருமுங்க பாய்" என்றார் வரலட்சுமி.

பஷீர் அதையே மனுவாக எழுதிக் கொடுத்தார். கழகம் கோப்பு திறந்தது. நிர்வாக இயக்குநரைச் சுருக்குவது தொடர்பாக என்று தலைப்பு. எத்தனை சதவீதம் சுருக்கலாம் என்று ஒவ்வொரு மேஜையிலும் பரிந்துரை எழுத வேண்டும். முதல் மேஜைக்காரர் தக்க முடிவுக்காகப் பணிந்து அனுப்பப்படுகிறது என்று எழுதினார். இரண்டாமவர் மருத்துவ விடுப்பில் போனார். மூன்றாமவர் சதவீதத்துக்கான இடத்தை விட்டுவிட்டுக் கையெழுத்து மட்டும் போட்டார். ஐந்து மாதம் சுற்றிவிட்டுக் கோப்பு எம்.டி.யின் மேஜைக்கே வந்து சேர்ந்தது. எம்.டி. பஷீரையும் வரலட்சுமியையும் கூப்பிட்டனுப்பினார்.

"என்னையச் சின்னதாக்கினா தரம் குறையுமுங்களா அம்மணி?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"சின்னதாக்கினாக் குறையாதுங்க சார். பெருசாக்கறப்பத்தானுங்க குறையும்."

கோப்புகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் கோப்பைப் பார்த்தார்கள். எம்.டி. தன் கோப்பை மூடிக் கட்டினார். பிறகு பஷீரைப் பார்த்து மிகவும் அன்பாகப் பேசினார்.

"பாய், நான் சின்னதாகறதுல எனக்கொண்ணும் இல்லீங்க. எனக்குப் பகட்டே புடிக்காதுங்க. ஆனா நான் சின்னதானா, எனக்குக் கீழ இருக்கற செக்ரட்டரி படம் என்னைய விடச் சின்னதாகோணும். அவருக்குக் கீழ இன்சினியரு அதைய விடச் சின்னதாகோணும். அப்படியே போனாக் கடேசில நம்ம வாட்ச்மேன் படத்துல தெரியவே மாட்டாருங்க. ஒரு ஏழையோட வயித்துல அடிச்சுத்தான் நீங்க பாய் தைக்கோணுமுங்களா?"

பஷீர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். படி இறங்கும்போது, வாட்ச்மேனுக்கு எந்த ஸ்லைடிலும் படமே இல்லையே என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

அந்த ஐப்பசியில் பூங்காவுக்குத் திறப்பு விழா வைத்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரியவர் வருவதாக ஏற்பாடு. மழைக்காலம். பெரியவர் நனையக்கூடாது, எம்.டி. நனையக்கூடாது, பேச்சை எழுதிய தாள் நனையக்கூடாது. அறுபதடிக்கு நாற்பதடியில் ஒட்டுப்போடாத தார்ப்பாய் ஒன்று பந்தலுக்குத் தேவை என்று கழகம் ஊரெல்லாம் தேடி, கடைசியில் தங்கள் சொந்தப் பத்தாம் மனைக்காரர் அதைத்தான் செய்கிறார் என்று கண்டுபிடித்தது.

பஷீர் ஆகட்டும் என்றார். ஆனால் அறுபதடிப் பாயை முப்பத்தாறு அடியில் தைக்க முடியாது, விரித்துத் தைக்க இடம் வேண்டும் என்றார். விழாவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. குழு போட நேரமில்லாததால், கழகத்தின் வரலாற்றில் முதல்முறையாக அன்றைக்கே ஒரு ஆணை வந்தது. தார்ப்பாய் தைத்து முடியும் வரை பூங்காவின் கிழக்கு மூலையைத் தற்காலிகமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அவர்கள் போய்ப் பாயை விரித்தார்கள். விரித்த இடம் பழைய பத்தாம் மனை. இஸ்மத் மறுபடி செருப்பைக் கழற்றினார்.

பெரியவருக்கு வேறு வேலை வந்து விழா தள்ளிப்போயிற்று. தை மாதத்துக்குத் தள்ளினார்கள், பிறகு பங்குனிக்கு. தேதி வந்ததும் சொல்கிறோம், இதற்குள் பாயை முடித்துவிட்டீர்களா என்று பாலுசாமி மாதம் ஒருமுறை வந்து கேட்டார். இன்னும் ஓரம் மடிக்கவில்லை என்று பஷீர் சொல்வார். அடுத்த மாதம், இன்னும் பித்தளை வளையம் அடிக்கவில்லை என்பார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆகையால் உண்மையாகவே ஓரத்தை மடிக்காமல் வைத்திருந்தார். அந்தப் பாயை ஓரமாகத் தள்ளிவிட்டு ஈரோட்டுப் பாய்களை விரித்துத் தைத்து, ஒன்றுக்கு இரண்டாக அனுப்பினார்கள். எந்தப் பாயும் கோணல் என்று திரும்பி வரவில்லை. ஆனாலும் இஸ்மத்துக்குத் தூக்கம் சரியில்லை. விழா நடந்துவிட்டால் பாய் முடிந்துவிடும், பாய் முடிந்தால் இடமும் முடிந்தது. பெருந்துறைப் பக்கமிருந்து ஜீப் சத்தம் கேட்டாலே அவருக்கு ஊசி கையில் குத்தியது.

அடுத்த வருடாந்திரக் கூட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால் பாலகோபாலுக்கு மாற்றல் வந்தது. புதிய எம்.டி. யார் என்று ஆணை வரவில்லை. ஸ்லைடில் வரைபடத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு சென்டிமீட்டர் காலியாகக் கிடந்தது. பழைய எம்.டி.யைப் போட்டால் புதியவருக்குக் கோபம் வரும், புதியவரைப் போடலாமென்றால் அவருக்கு முகமே இல்லை. வெறுமனே விட்டால் உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள். பூங்காவையே ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுங்கள் என்று செக்ரட்டரி வரலட்சுமியிடம் காமிராவைக் கொடுத்து அனுப்பினார்.

வரலட்சுமி செம்பாறைமேட்டுக்கு வந்து பூங்காவைச் சுற்றிப் பார்த்தார். வேப்பங்கன்றை வெள்ளாடு எப்போதோ தின்றுபோட்டது. முள்கம்பிக்குள் இருந்தவை ஒரு தார்ப்பாயும் அதன் நடுவில் இரண்டு மனிதர்களும்தான். அவர் முட்டைத் தொட்டியின் ஏணியில் ஏறப் பார்த்து, அது சரிவாக இருந்ததால் இறங்கி, நஞ்சம்மாளின் சேமியாக் கொட்டகைத் திண்டின் மேல் ஏறி நின்றார். அங்கிருந்து பாயின் நான்கு ஓரமும் தெரிந்தன.

"இஸ்மத்தக்கா, கொஞ்சம் நிமுந்து பாருங்க" என்றார்.

கூட்டத்தில் விளக்கை அணைத்தார்கள். இரண்டு பேர் கண்ணயர்ந்தார்கள். விளக்கைப் போட்டார்கள். ஒன்பது கையெழுத்து. படத்தில் உள்ளபடி ஏற்கப்பட்டது. அதற்கப்புறம் சாப்பாடு.

மறு வாரம் பாலுசாமி ஜீப்பில் இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார். பஷீர் எழுந்து நின்றார். ஓரம் மடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பாலுசாமி கேட்கவில்லை. கையில் இருந்த தாளைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். பிறகு விரித்திருந்த பாயின் நான்கு மூலைக்கும் வெளியே குழி தோண்டி நான்கு கல்லை நடச் சொன்னார்.

"பாயை இனி நகத்தக்கூடாதுங்க. படத்துல இப்படித்தான் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் நடுவுல இருக்கீங்க. நீங்க இல்லாட்டித்தானுங்க தப்பு" என்றார்.

பஷீருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது தங்களுக்குத்தானா, எழுத்தில் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். ஒதுக்கீடு என்று எழுத முடியாது, அது ரெக்கார்டில் பூங்கா என்று பாலுசாமி வருத்தத்தோடு சொன்னார். ஆகவே இடம் இருந்தது, காகிதம் இல்லை. புதிதாக ஒரு எம்.டி. வந்து புதிதாக ஒரு படம் எடுத்தால் என்ன ஆகும் என்று அன்று முழுவதும் பஷீர் அரற்றிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் ஜும்மா தொழுகைக்காகப் பெருந்துறை போயிருந்தபோது கழகத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை தபாலில் மெமோ வந்தது. பஷீர் அதைக் கொட்டகை வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். ஒப்புதல் பெற்ற படத்தில் காணப்படும் இரு நபர்களில் திரு. பஷீர் என்பவர் கடந்த வெள்ளியன்று பிற்பகல் ஒரு மணி முதல் இரண்டரை மணி வரை குறிப்பிட்ட இடத்தில் இருக்கவில்லை. அவர் மேற்படி இடத்தில் எப்போதும் இருக்கக் கடமைப்பட்டவர். ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். கீழே கையெழுத்து, வட்ட முத்திரை, கோப்பு எண்.

படித்து முடித்ததும் பஷீர் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார். என்ன விளக்கம் எழுதுவது என்று இஸ்மத்தைக் கேட்டார். இஸ்மத் ஊசியைப் பாயில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்து, காகிதத்தை வாங்கிப் பார்த்தார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடி ஒருமுறை அந்த நடு வரியைப் படிக்கச் சொன்னார். அவர் மேற்படி இடத்தில் எப்போதும் இருக்கக் கடமைப்பட்டவர்.

"வெளக்கமெல்லாம் அப்பறம் எழுதிக்கலாமுங்க. மொதல்ல இதைய லேமினேசன் பண்ணிப்போடுங்க" என்றார் இஸ்மத். "வர்ற வெள்ளிக்கெழம நானும் உங்க கூடப் பெருந்துறைக்கு வாரேன். என் பேருலயும் ஒண்ணு வரட்டும்."